ஏழாம் எண் சிரிப்பு

அவரை எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரர் இல்லை, முடி வெட்டுபவரும் இல்லை. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டித் தருவது அவர் தொழில். மாப்பிள்ளையின் மாமா மேடையிலேயே கொட்டாவி விட்டது, பெண்ணின் சித்தி யாரையோ எரித்துவிடுவது போல் முறைத்தது, இரு வீட்டாரும் ஒரு நாற்காலிக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது எல்லாம் அவர் கைபட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஐந்து மணி நேரக் களேபரத்தை ஒன்றரை மணி நேர அன்பாக மாற்றித் தருகிற மனிதர் என்று அவரைச் சொல்லலாம்.

அவருடைய அறை, சாவி செய்யும் கடைக்கு மேல் மாடியில். கீழே சாவி அறுக்கும் சத்தம் நாள் முழுக்க மேலே ஏறி வரும். அதனால் பெரிய ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். வீட்டில் மனைவி சொல்வது எதுவும் காதில் விழாத அதே மனிதருக்கு, திரையில் யாரோ டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம் அரை நொடி பிந்தி வந்தால் உடம்பு கூசும். ஊரார் வீட்டு டம்ளர் கேட்கிற காதுக்கு நான் கத்துவது கேட்காதா என்று அவள் கேட்காத நாள் இல்லை.

கல்யாண மண்டபத்தில் பதிவாகும் சத்தம் பாதிக்கு மேல் உதவாது. ஜெனரேட்டர் உறுமும், மைக்கைப் பிடித்தவர் விடமாட்டார், யாரோ கார் நம்பரைச் சொல்லி எடுக்கச் சொல்வார்கள். அதனால் கத்திரி தன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். அதற்குப் பெயர் 'கைவசம்'. மழை இரண்டு விதம், கைதட்டல் ஐந்து விதம், கூட்டத்தின் சலசலப்பு நான்கு, குழந்தைச் சிரிப்பு ஒன்பது. எந்தப் படத்தில் சத்தம் செத்திருக்கிறதோ அங்கே இதிலிருந்து ஒன்றை எடுத்து வைப்பார். அந்த ஒன்பது சிரிப்பில் ஏழாவதுதான் அவருக்குச் செல்லம். சரியாக எட்டு நொடி. மூன்று படி ஏறுவது போலத் தயங்கித் தயங்கித் தொடங்கும். மேலே போனதும் பிடி விட்டு உருண்டு ஓடும். கடைசியில் ஒரு சின்ன விக்கல். எந்தக் குழந்தையின் வாய்க்கும் கச்சிதமாகப் பொருந்தும். யாருடையது என்று அவருக்குத் தெரியாது. ஏதோ ஒரு முகாமில் எடுத்தது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

முகாம் என்பது டாக்டரம்மாவின் முகாம். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த அம்மா, பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தன் தம்பியின் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டுக் கத்திரியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வருடத்துக்கு ஐந்து நாள், விடுமுறையில் காலியாகக் கிடக்கும் ஏரிக்கரைப் பள்ளி விடுதியில் நாற்பது குழந்தைகளைத் தங்க வைக்கிறோம், படகு, ஊஞ்சல், நாடகம் எல்லாம் உண்டு, அதைப் பன்னிரண்டு நிமிடப் படமாக்கித் தர வேண்டும் என்றார். பிள்ளையை அனுப்பப் பயப்படும் பெற்றோருக்கும், அடுத்த முகாமுக்குக் கை கொடுப்பவர்களுக்கும் அதைக் காட்ட வேண்டும். மூன்று நிபந்தனைகள். யாரும் அழும் காட்சி கூடாது. உருக்கும் இசை கூடாது. நடக்காத எதையும் நடந்ததாகக் காட்டக் கூடாது.

"இந்தப் பிள்ளைங்களைக் காட்டிப் பிச்சை எடுக்கறதா இருந்தா எனக்குப் படமே வேண்டாம்" என்றார்.

கத்திரி மூன்றுக்கும் தலையாட்டினார். மூன்றாவதை மட்டும் அவர் தன் தொழில் வசதிக்கு ஏற்ப அர்த்தம் பண்ணிக்கொண்டார். ஊஞ்சலில் ஒரு பையன் சிரிக்கிறான், அது நடந்ததுதான். ஏரிக் காற்று அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது. அங்கே ஏழாம் எண்ணை வைத்தால் அது எப்படிப் பொய்யாகும்? அவன் சிரித்தான் அல்லவா? இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடி, தானே நீதிபதியாக இருந்து தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

படம் முடிந்து திரையிடும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, உங்கள் பிள்ளை படத்தில் இருக்கலாமா என்று கேட்க வேண்டும் என்பது முகாமின் வழக்கம். கையெழுத்துப் போட்ட தாள் இருந்தாலும் கேட்க வேண்டும். ஏனென்றால் முகாமுக்கும் படத்துக்கும் நடுவே நான்கு மாதம் ஓடியிருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு நான்கு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. எந்தக் காட்சியில் யார் என்பது கத்திரிக்குத்தான் தெரியும் என்பதால் அந்த வேலையும் அவர் தலையில் விழுந்தது.

முதல் வருடம் பதினோராவதோ பன்னிரண்டாவதோ போன். ஒரு அப்பா எடுத்தார். கத்திரி கல்யாண வீட்டுக்குப் பேசும் அதே உற்சாகத்தோடு, "பாப்பா எப்படி இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டார்.

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தக் குரல், எழுதி வைத்ததைப் படிப்பது போலச் சொன்னது: "எங்க பொண்ணு அதுல இருக்கக் கூடாது. படம், பேரு, எதுவுமே. நான் எங்க போனாலும் அவ இல்லாம இருக்கணும்."

"ஒரு துளிகூட இருக்காது சார். முழுசா எடுத்துடறேன்" என்றார் கத்திரி.

அன்று முழுக்க உட்கார்ந்து, மஞ்சள் தொப்பி போட்ட அந்த ஒன்பது வயதுப் பெண்ணைப் பத்தொன்பது இடங்களிலிருந்து வெட்டி எடுத்தார். கூட்டத்தில் தோள் மட்டும் தெரிந்த இடத்தையும் விடவில்லை. அன்றிலிருந்து போனில் அவர் ஒருபோதும் பிள்ளை எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டதில்லை. தன்னை யாரென்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். மற்றதை அவர்களே சொல்வார்கள். நல்ல செய்தி சொல்பவர்கள் உடனே பேசுவார்கள். பேச்சு வராத அந்த ஒன்றிரண்டு நொடி மௌனத்தில்தான் மற்றச் செய்தி இருக்கும். வருடா வருடம் அந்த மௌனங்களைக் கேட்டுக் கேட்டே அவர் தலை நரைத்தது என்று மனைவி சொல்வாள்.

பன்னிரண்டாவது வருடம் டாக்டரம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. இந்த முறை பழைய வருடங்களையும் சேர்த்து ஒரு பெரிய படம் பண்ண வேண்டும். முதல் முகாமுக்கு வந்தவர்களில் ஒருத்தி இப்போது நர்ஸ், ஒருவன் லாரி ஓட்டுகிறான். அவர்களையெல்லாம் சின்ன வயதில் காட்ட வேண்டும். ஒரு அட்டைப் பெட்டி நிறையப் பழைய டேப்புகள் மாடி ஏறி வந்தன.

நான்காவது டேப்பைப் போட்டபோது மதியம். கீழே சாவிக்கடைக்காரர் சாப்பிடப் போயிருந்ததால் சத்தம் இல்லை. திரையில் வெறும் தண்ணீர். படகுத்துறைப் பெஞ்சில் யாரோ கேமராவை அணைக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு வாத்து இடமிருந்து வலமாகப் போகிறது, நின்று திரும்பிப் பார்க்கிறது. அப்போது காதுக்குள், மூன்று படி ஏறி, உருண்டு, விக்கலோடு முடிந்தது ஏழாம் எண்.

கத்திரி சிரித்துவிட்டார். பழகிய ஆளை எதிர்பாராத தெருவில் பார்த்தது போல இருந்தது அவருக்கு. அடடே, நீ இங்கேதான் பிறந்தாயா என்று வாய்விட்டே சொன்னார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு அக்கா ஏதோ கேட்கிறாள், ஒரு குழந்தை ஏதோ பதில் சொல்கிறது. பிறகு யாரோ கேமராவைக் கையில் எடுக்க, படம் ஆடி, வானம், மரம், கடைசியில் ஒரு நொடிக்கும் குறைவாக ஒரு முகம்.

மஞ்சள் தொப்பி.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை; தொழில் தெரிந்தவருக்கு ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. அன்று டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே, ஊஞ்சல் பையனுக்குச் சத்தம் தேடி, இந்தச் சிரிப்பை மட்டும் தனியாக வெட்டிக் 'கைவசம்' ஃபோல்டரில் போட்டுவிட்டார். படத்தில் வெறும் தண்ணீர்தானே என்று மீதியைப் பார்க்காமலேயே 'ஏரி, ஆள் இல்லை' என்று குறித்து ஒதுக்கினார். பிறகு அந்த அப்பா சொன்னபடி பெண்ணைத் தேடித் தேடி எடுத்தபோது கண்ணால் மட்டும்தான் தேடினார். காதால் தேட அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு துளிகூட இருக்காது சார் என்று சொன்ன அதே படத்தில், ஊஞ்சல் பையனின் வாய் வழியாக அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் மட்டுமா? அதற்குப் பின் வந்த ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு பிள்ளையின் வாய் வழியாக.

அது முகாமோடு நின்றிருந்தால் ஒரு மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருந்தபோது, மச்சினன் பெருமை பொங்கத் தன் மகள் கல்யாண வீடியோவைப் போட்டான். கத்திரி வெட்டியதுதான். எல்லோரும் அவரவர் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பூக்கூடையோடு ஒரு சின்னப் பெண் மேடையில் ஓடினாள். ஓடிக்கொண்டே சிரித்தாள். மூன்று படி, உருளல், விக்கல்.

கையிலிருந்த தண்ணீர் டம்ளரை அவர் கீழே வைத்தார். அது வைக்கப்பட்ட சத்தம்கூடத் தனக்குக் கேட்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். எத்தனை கல்யாணத்தில் வைத்திருக்கிறோம் என்று மனம் எண்ணத் தொடங்கி, முன்னூறைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னூறு வீடு. யார் யாரோ சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழந்தை அங்கே போய்ச் சிரித்துவிட்டு வருகிறது. பேய் என்றால் பயந்து ஓடலாம். இதை வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டு வந்தவரே அவர்தான். 'நான் எங்க போனாலும்' என்று அந்த அப்பா சொன்ன சொல், வேறு வேலையே இல்லாததுபோல அவர் பின்னாலேயே வந்தது. குழாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு. கீழே சாவி அறுபட்டால் அதன் கடைசியில் ஒரு விக்கல்.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

"போய்ச் சொல்லிடுங்க. சொன்னா அவர் திட்டுவார், அதோட போச்சு. சொல்லலைன்னா நீங்களே உங்களைத் திட்டிக்கிட்டு என் உயிரை எடுப்பீங்க."

மறுநாள் காலை பழைய நோட்டிலிருந்த நம்பரை எடுத்து போன் செய்தார். பன்னிரண்டு வருடத்தில் நம்பர் மாறியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் செய்தார் என்று நான் நினைக்கிறேன். மாறவில்லை. ஒரு பெண் குரல் எடுத்து, யாருங்க என்றது. தன்னை யாரென்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவர், அன்று தன்னைச் சொல்லவே வாய் வராமல் நின்றார். "ராங் நம்பருங்க" என்றார். அந்தப் பெண் உடனே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் இரு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் கத்திரிதான் வைத்தார்.

சொல்ல முடியாத கோழை, செய்ய முடிந்ததைச் செய்தார். புதிய படத்தில் எங்கெங்கே ஏழாம் எண் தேவைப்பட்டதோ அங்கெல்லாம் காற்றின் இரைச்சலை அப்படியே விட்டார். ஊஞ்சலில் பிள்ளைகள் சத்தமில்லாமல் வாய் திறந்து சிரித்தார்கள். 'கைவசம்' ஃபோல்டரில் எட்டு சிரிப்புகள் மிஞ்சின. ஏழாவதை அழிக்கக் கை வரவில்லை. அந்த டேப்பின் முழுத் துண்டோடு சேர்த்துத் தனியாக எடுத்து வைத்தார். திரையிடல் முடிந்ததும் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். நல்லவர்கள் எல்லோரும் நல்ல காரியத்தைப் பிற்பகலுக்குத்தான் வைத்துக்கொள்வார்கள்.

திரையிடல் எப்போதும் ஒரு ஞாயிறு காலை, ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில். எண்பது பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு திரை, பின்னால் ஒரு மேஜையில் கத்திரியும் அவர் லேப்டாப்பும். படம் போடும் முன் வழக்கமாக எழுந்து இரண்டு வரி பேசுவார், அதோடு சரி. கடைசி வரிசையில் கதவை ஒட்டிய நாற்காலியில் வழக்கமாக வரும் ஒரு அம்மா அன்றும் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், வெளுத்த நீல நிறத்தில் ஒரு கைப்பை. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர் என்று நன்கொடைக்காரர்களும், நன்கொடைக்காரர் என்று ஆஸ்பத்திரிக்காரர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். படம் ஓடும்போது கண்ணை மூடிக்கொள்வார். வேலைக் களைப்பு போலிருக்கிறது, பாவம் என்று கத்திரி வருடா வருடம் நினைப்பதுண்டு. விளக்கு போட்டதும் டீக்குக்கூட நிற்காமல் போய்விடுவார்.

இந்த முறை விளக்கு போட்டார்கள், கைதட்டினார்கள், எல்லோரும் பக்கத்து அறைக்கு டீ குடிக்கப் போனார்கள். போகிற போக்கில் ஒருவர், சத்தம் சில இடத்தில் சரியில்லையே என்று கத்திரியிடம் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா மட்டும் எழவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கத்திரி நிமிர்ந்து பார்த்தபோது, மேஜைக்கு எதிரே வந்து நின்றிருந்தார்.

"இந்த வருஷம் போடலையா?"

எதை என்று கத்திரி கேட்கவில்லை. சுருட்டிய வயரை மேஜையில் வைத்தார்.

"போன்ல ராங் நம்பர்னு சொன்னதும் நீங்கதானே. வருஷா வருஷம் ரெண்டு வரி பேசுவீங்களே, எனக்குக் குரல் மறக்காது."

பிறகு அந்த அம்மா, யாரிடமும் சொல்லாததைச் சொல்லும் அவசரம் ஏதுமில்லாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். மகள் போன பிறகு வீட்டிலிருந்த அவளது போட்டோ, போனில் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் கணவர் ஒரே நாளில் அழித்துவிட்டார். கோபத்தில் இல்லை, பார்த்தால் செத்துவிடுவோம் என்ற பயத்தில். அவரைத் தடுக்கத் தனக்கும் தெம்பில்லை. இரண்டு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் வாங்கியிருந்த சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். இந்த வராந்தாவில் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, இந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து மகள் சிரித்தாள்.

"கதவைத் திறந்து பாத்தேன். யாரோ ஒரு பையன் ஊஞ்சல்ல. அவன் வாயிலேருந்து என் பொண்ணு சிரிக்கறா. நான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கத்திரி கேட்டார்.

"சொன்னா எடுத்துடுவீங்க. இவர் வேண்டாம்னு சொன்னது எனக்குத் தெரியும். அதான் பேசாம இருந்தேன். வருஷத்துக்கு எட்டு நொடி. வேற பிள்ளைங்க வாயில வரும்போது, அவ எங்கேயும் போகலை, இதுங்களோட சேர்ந்து விளையாடிட்டு இருக்கான்னு தோணும். கண்ணை மூடிக்குவேன். இன்னைக்கும் மூடிட்டு உக்காந்திருந்தேன். கடைசி வரைக்கும் வரலை."

கத்திரி அழுதார். தப்பைச் சொல்ல வந்தவர், தப்பைத் திருத்தியதுதான் பெரிய தப்பாகிவிட்டதே என்று அழுதார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார்: ஏரி, ஆள் இல்லை என்று குறித்தது, கண்ணால் மட்டும் தேடியது, கல்யாண வீடியோக்களில் வைத்தது. அந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லிவிட்டு, அடி விழப்போகிறவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்யாணத்துலயா?" என்றார் அந்த அம்மா. "எத்தனை கல்யாணம்?"

"முன்னூறுக்கு மேல இருக்கும்மா."

அவர் கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை நீவிக்கொண்டே இருந்தார். முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இளகியது.

"நான் ஒரு கல்யாணத்துக்கும் போறதில்லை. இத்தனை வருஷமா. எனக்கும் சேர்த்து அவ போயிட்டு வந்திருக்கா."

கத்திரி லேப்டாப்பைத் திறந்தார். முழுத் துண்டும் இருக்கிறது, கடைசியில் முகம்கூட ஒரு நொடி வரும் என்றார். முகம் வேண்டாம், முகம் என்னிடம் இருக்கிறது, அதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள் என்றார் அந்த அம்மா. கத்திரி ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிவிட்டார். திரையில் தண்ணீர், வாத்து. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எட்டு நொடியும் அவருக்கு மனப்பாடம். விக்கல் வரும் இடத்தில் அவர் தொண்டையும் அசைந்ததைக் கத்திரி பார்த்தார்.

அதற்குப் பிறகு வருவது அவர் கேட்டிராதது. கத்திரி எப்போதும் விக்கலோடு வெட்டிவிடுவார். பேச்சு வந்தால் எந்த வாய்க்கும் பொருந்தாதே. எதுக்குடி இப்படிச் சிரிக்கிறே என்று அந்த அக்கா கேட்பாள். வாத்து என்னை முறைக்குது அக்கா என்பாள் குழந்தை. ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "இதை எங்கம்மாகிட்ட சொல்லணும்" என்பாள்.

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். ஹெட்ஃபோனைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சொன்னாளாம்மா?" என்று கத்திரி கேட்டார்.

"இல்லை. வந்த அன்னைக்கே காய்ச்சல்." ஹெட்ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு, "இப்பதான் சொல்றா" என்றார்.

டாக்டரம்மா டீ கப்போடு வந்தபோது இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் கப்பை வைத்துவிட்டுக் கத்திரியைப் பார்த்த பார்வையில் பன்னிரண்டு வருடப் பழக்கமும் ஆவியாகிவிட்டது. நடக்காததைக் காட்டாதே என்றுதானே சொன்னேன், வருடா வருடம் என் படத்தில் ஒரு பிள்ளையின் சிரிப்பை இன்னொரு பிள்ளைக்கு மாட்டியிருக்கிறாயே என்று கேட்டார். பிறகு டாக்டரம்மா அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த வருடம் அந்தச் சிரிப்பு வர வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். வரலாம், ஆனால் இனி யார் வாயிலும் வராது. அவள் சிரித்த இடத்தில்தான் வரும். அதற்கும், அன்று வேண்டாம் என்று சொன்ன உங்கள் கணவர் சரி என்று சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. மேஜை இழுப்பறையிலிருந்து முகாமின் சம்மதத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இத்தனை வருஷம் நான் எங்க போறேன்னு அவருக்குத் தெரியாது" என்றார் அந்த அம்மா. தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது மாதம் ஒரு தகவலும் இல்லை. அடுத்த முகாம் முடிந்துவிட்டது; கத்திரி புதிய படத்தை வெட்டத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு தபாலுக்கும் படி இறங்கிச் சாவிக்கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு, அவர் இவரைக் கண்டாலே இல்லை என்று கையசைக்கப் பழகிவிட்டார். ஒருநாள் கையசைக்காமல் ஒரு உறையை நீட்டினார். உள்ளே அதே தாள், நான்கு மடிப்பும் நைந்து. குழந்தையின் வயது என்ற இடத்தில் ஒன்பது என்று அம்மாவின் கையெழுத்து. படம் என்ற கட்டத்தில் வேண்டாம். குரல் என்ற கட்டத்தில் முதலில் வேண்டாம் என்று எழுதி, அடித்து, சரி என்று எழுதியிருந்தது. இரண்டுமே அப்பாவின் கையெழுத்து. கத்திரி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடத் திரையிடலுக்குக் கடைசி வரிசையில் கதவை ஒட்டி இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அந்த மனிதர் படம் தொடங்கும் முன்பே இரண்டு உள்ளங்கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு, முழங்காலைப் பார்த்தபடி குனிந்துவிட்டார். ஊஞ்சல் வந்தது, நாடகம் வந்தது, காற்றின் இரைச்சலும் பிள்ளைகளின் சத்தமும் இருந்தது இருந்தபடி வந்தன. ஒன்பதாவது நிமிடத்தில் ஆளில்லாத ஏரி. ஒரு வாத்து. கேமராக்காரர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

பின்னால் தன் மேஜையில் இருந்த கத்திரி திரையைப் பார்க்கவில்லை. வாத்து திரும்பிப் பார்க்கும் நேரத்தில், அந்த அம்மா கணவரின் ஒரு கையைப் பிடித்து, மெல்ல, காதிலிருந்து எடுத்துவிட்டார். அவர் கையைத் திரும்ப வைத்துக்கொள்ளவில்லை.